எதற்கும் சாட்சி சொல்லும் கார்டிசால்

1960களின் நடுப்பகுதியில் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். ஏதோ வைரஸைப் பற்றிய ஆய்வு என்று காரணம் சொன்னார்கள். ‘மாஸ்கோ வைரஸ் ஆய்வு’ என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். தேடியது வைரஸை அல்ல. தெருவுக்கு அப்பாலிருந்து தூதரகத்தின் மேல்மாடிகளை நோக்கி ஆண்டுக்கணக்கில் நுண்ணலைகள் பாய்ந்துகொண்டிருந்தன. அவை குரோமோசோம்களைச் சிதைத்திருக்கின்றனவா என்று பார்க்கத்தான் அந்த ஊசி. ரத்தம் கொடுத்தவர்களுக்கு விஷயம் தெரியவந்தது 1976இல். தூதர் வால்டர் ஸ்டோசெல் ஊழியர்களைக் கூட்டிச் சொன்னார். பிறகு சன்னல்களுக்கு அலுமினிய வலை அடித்தார்கள்.

அந்த அலைகளின் வலிமை 1975 வரை சதுர சென்டிமீட்டருக்கு அதிகபட்சம் 5 மைக்ரோவாட். 1975–76இல் 18 வரை போனது. அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு வரம்பு 10 மில்லிவாட், அதாவது 10,000 மைக்ரோவாட். அந்தக் கணக்கில் இது தூசு. ஆனால் சோவியத் ஒன்றியம், நாள் முழுக்க வேலை செய்யும் தன் தொழிலாளருக்கு 1950களின் இறுதியில் வகுத்திருந்த வரம்பு 10 மைக்ரோவாட். ஆயிரம் மடங்கு வித்தியாசம். இயற்பியல் இரண்டு நாடுகளுக்கும் ஒன்றுதான். வித்தியாசம், உடம்பிடம் என்ன கேட்டார்கள் என்பதில் இருந்தது.

அமெரிக்க எண், ஹெர்மன் ஷ்வான் என்ற உயிர் இயற்பியலாளர் 1953இல் போட்ட வெப்பக் கணக்கிலிருந்து வந்தது. உடம்பு எவ்வளவு சூட்டை வியர்த்தும் காற்றில் விட்டும் சமாளிக்கும், அதற்கு மேல் எங்கே திசு வேகத் தொடங்கும் என்பதே அவர் கேள்வி. சோவியத் எண், தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. மாஸ்கோவின் தொழில்சார் நோய்கள் ஆய்வு நிறுவனத்தில் ஸினாயிதா கோர்தன் முதலானோர் ரேடார் கருவிகளோடு வேலை செய்பவர்களை ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். தலைவலி, சோர்வு, தூக்கக் கேடு, எரிச்சல், உள்ளங்கை வியர்வை, நாடித் தளர்ச்சி. இதற்கு ‘ரேடியோ அலை நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். மூலம் ஹைபோதலாமஸில், நரம்பும் சுரப்பியும் கைகோக்கும் இடத்தில் இருக்கிறது என்று நினைத்தார்கள். உடம்பில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது திரும்பக்கூடியதாகவே இருந்தாலும், அதைத் தவிர்க்க வேண்டும் என்பது அவர்கள் பார்வை. அமெரிக்கப் பார்வையில் மாற்றம் வேறு, கேடு வேறு.

சோவியத் ஆய்வுகளை இன்று படிப்பவருக்குப் பல குறைகள் கண்ணில் படும். எவ்வளவு அலை பட்டது என்ற அளவீடு பெரும்பாலும் இல்லை; ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு சரியாக இல்லை; ரேடார் கூடத்தில் அலை மட்டுமா இருந்தது? சத்தம், புழுக்கம், உயர் மின்னழுத்தக் குழாய்களிலிருந்து கசியும் எக்ஸ் கதிர், இரவுப் பணி எல்லாம் இருந்தன. இருந்தாலும் அவர்கள் எழுப்பிய கேள்வியைத் தள்ளிவிட முடியாது. திசுவைச் சுடாத அளவு அலை, உடம்பின் எச்சரிக்கை மணியை மட்டும் அடிக்குமா?

அந்த மணி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ். அதிலிருந்து ஒரு தூது அருகிலுள்ள பிட்யூட்டரிக்குப் போகிறது. பிட்யூட்டரி ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறணியை எட்ட, அங்கே கார்டிசால் சுரக்கிறது. எலிக்குக் கார்டிசால் இல்லை; அதன் இடத்தில் கார்டிகோஸ்டிரோன். அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி வேறு ரகம். அங்கிருந்து அட்ரினலின் நொடிகளில் பாயும். கார்டிசால் நிமிடங்களில் ஏறி, மணிக்கணக்கில் நிற்கும். பிட்யூட்டரியிலிருந்தே தைராய்டுக்கும், வளர்ச்சிக்கும், இனப்பெருக்கத்துக்கும் உரிய கட்டளைகளும் போகின்றன.

1970களில் இந்தக் கேள்வியைச் சரியான முறையில் எலியிடம் கேட்டவர்கள் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சால் மைக்கேல்சனும் அவருடைய குழுவினரும். அவர்களில் லாட்ஸ் என்பவரின் சோதனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. மைக்ரோவேவ் அடுப்பின் அதே 2450 மெகாஹெர்ட்ஸ் அலையில் எலிகளை வைத்து, வெவ்வேறு வலிமையில், வெவ்வேறு நேரத்துக்கு, உடல் வெப்பத்தையும் கார்டிகோஸ்டிரோனையும் சேர்த்தே அளந்தார். சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் அளவில் ஹார்மோன் ஏறியது. நேரம் நீண்டால் அதைவிடக் குறைந்த வலிமையே போதுமாயிருந்தது. இரண்டு நிலையிலும் ஒன்று மாறவில்லை: எலியின் உள்வெப்பம் ஏறிய அளவுக்கு ஹார்மோனும் ஏறியது. உச்சி வெயில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிவாட் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். வெயில் தோலோடு நின்றுவிடும், இந்த அலை சதைக்குள்ளும் இறங்கும் என்பதுதான் வேறுபாடு.

அடுத்து அவர் கேட்ட கேள்வி இன்னும் நுட்பமானது. அலை நேராக அட்ரினலைத் தூண்டுகிறதா, அல்லது மூளை வழியாகவா? பிட்யூட்டரியை அகற்றிய எலிகளை அதே அலையில் வைத்தார். உடம்பு சூடேறியது, கார்டிகோஸ்டிரோன் அசையவில்லை. ஆக, அட்ரினல் தானாகப் பதறவில்லை. மேலிருந்து உத்தரவு வந்தால்தான் அது சுரக்கிறது. நுண்ணலை ஏதோ மாயமான வழியில் சுரப்பிக்குள் புகவில்லை; காய்ச்சலும் குளிரும் வலியும் போகும் அதே பாதையில்தான் போகிறது.

எலி சின்ன உடம்பு, சட்டென்று சூடாகும். அதனால் 1982இல் லாட்ஸ் ரீசஸ் குரங்குகளை 1.29 கிகாஹெர்ட்ஸ் அலையில் எட்டு மணி நேரம் உட்காரவைத்தார். 20 மில்லிவாட்டில் கார்டிசாலில் மாற்றமில்லை, 28இலும் இல்லை. 38இல் உடல் வெப்பம் ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறியது, கார்டிசாலும் ஏறியது. தைராய்டு ஹார்மோனும் வளர்ச்சி ஹார்மோனும் அசையவில்லை.

இவ்வளவு வரை சிக்கல் இல்லை. சுட்டால் உடம்பு கத்தும். இன்றைய பன்னாட்டு வரம்புகள் இந்த இடத்தில் வேர்விட்டவை. கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 4 வாட் ஆற்றல் உள்ளே இறங்கினால், பயிற்றுவித்த விலங்குகள் கற்ற வேலையைச் செய்யாமல் விட்டுவிடுகின்றன. அதைப் பத்தால் வகுத்துத் தொழிலாளருக்கு 0.4, ஐம்பதால் வகுத்துப் பொதுமக்களுக்கு 0.08. சும்மா படுத்திருக்கும் மனித உடம்பே கிலோவுக்கு ஒரு வாட்டை ஒட்டி வெப்பம் உண்டாக்குகிறது. இந்தியா 2012 செப்டம்பரில் செல்போன் கோபுரங்களுக்கான வரம்பைப் பன்னாட்டு அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. மாஸ்கோத் தூதரகத்தின்மேல் பாய்ந்த 2.5–4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் அந்தக் குறைத்த வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோவாட். இருபெரும் வல்லரசுகளை ஆண்டுக்கணக்கில் கவலையில் வைத்த சமிக்ஞை, அதன் உச்சத்திலும் 18.

சுடாத அளவில் என்ன நடக்கிறது என்பதில்தான் தகராறு. இங்கே ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு, என் கணிப்பில், அலையைவிடக் கார்டிசாலின் குணமே பெரிய காரணம்.

கார்டிசால் எதற்கும் சாட்சி சொல்லும். விடியலில் உச்சிக்குப் போகும், எழுந்த அரை மணியில் இன்னும் கொஞ்சம் ஏறும், நள்ளிரவில் தரைக்கு வரும். டாக்டர் ‘காலை எட்டு மணிக்கு’ என்று நேரம் குறித்துப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பது அதனால்தான். ஊசியைக் கண்டால் ஏறும். தேர்வுக்கு முன் ஏறும். பழக்கமில்லாத அறையில், தலையில் கம்பிகளோடு படுத்தால் ஏறும். அலை பட்டதால் ஏறியது எது, அலை படுகிறதா என்று சோதித்ததால் ஏறியது எது? இரண்டையும் பிரிக்காத சோதனை எதையும் சொல்லாது.

எலிகளில் இதை வெட்டவெளிச்சமாக்கிய ஆய்வு 2001இல் வந்தது. செல்போன் அலையைத் தலையில் மட்டும் படவைக்க வேண்டுமானால் எலியை ஒரு குழாய்க்குள் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திரும்பிக்கொள்ளும். ஸ்டாக் என்பவரின் குழு 1.6 கிகாஹெர்ட்ஸ் செயற்கைக்கோள் தொலைபேசி அலையை வைத்துச் சோதித்தது. முன்பழக்கம் இல்லாமல் குழாயில் அடைத்த எலிகளுக்கு ஏசிடிஹெச்சும் கார்டிகோஸ்டிரோனும் எகிறின. அலை போட்டாலும் எகிறின, போடாவிட்டாலும் எகிறின. குழாய்க்குப் பழக்கிய பின் அந்தப் பதற்றம் தணிந்தது. அலை தனியாக எதையும் கூட்டவில்லை. இதைப் படித்த பிறகு, ‘கூண்டில் சும்மா விட்ட எலி’யை ‘குழாயில் அடைத்து அலை காட்டிய எலி’யோடு ஒப்பிட்டு மன அழுத்த ஹார்மோன் கூடியது என்று எழுதும் கட்டுரைகளை நான் பாதியில் மூடிவிடுகிறேன்.

மனிதர்களைக் குழாயில் அடைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களிடம் வேறு வில்லங்கம் இருக்கிறது. 1998இல் ஜெர்மனியில் மான் என்பவரின் குழு 24 ஆரோக்கியமான ஆண்களைத் தூங்கவைத்து, இரவு முழுக்க 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையைக் காட்டி, இடையிடையே ரத்தம் எடுத்தது. அலை தொடங்கியதும் கார்டிசால் லேசாக ஏறியது. ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. வளர்ச்சி ஹார்மோன், இனப்பெருக்கத்துக்கு உரிய எல்ஹெச், மெலடோனின் மூன்றும் அப்படியே இருந்தன. உடம்பு புதிதாக எதையோ உணர்ந்து, பிறகு பழகிக்கொண்டதுபோல் இதைப் படிக்கலாம். தற்செயல் என்றும் படிக்கலாம். அதே ஆண்டு பிரான்சில் ரெனே தெ செஸ் 21 ஆண்களை ஒரு மாதம், தினம் இரண்டு மணி நேரம், வாரம் ஐந்து நாள் செல்போன் அலையில் வைத்தார். ஆறு பிட்யூட்டரி ஹார்மோன்களை ஒன்பது வாரம் அளந்தார். ஐந்தில் ஒன்றுமில்லை. தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் மட்டும் ஒரு கட்டத்தில் 21 சதவீதம் இறங்கியது. அதுவும் இயல்பான எல்லைக்குள்தான். அலை நின்றபின் மீண்டுவிட்டது.

மூன்று ஆண்டு கழித்து ஜெர்மனியில் எட்டு மாணவர்களின் உமிழ்நீரில் கார்டிசாலையும் மெலடோனினையும் பார்த்த குழு எந்த மாற்றமும் காணவில்லை. எட்டுப் பேரில் சிறிய மாற்றம் இருந்தாலும் தெரிந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2008இல் தெ செஸ் பங்குபெற்ற இன்னொரு பிரெஞ்சு ஆய்வில், 20 ஆண்கள், நான்கு வாரம்: வளர்ச்சி ஹார்மோன் 28 சதவீதமும் கார்டிசால் 12 சதவீதமும் குறைந்தன. மானின் ஆய்வில் ஏறியது இங்கே இறங்குகிறது. ஒரே அதிர்வெண், ஒரே வகைச் சமிக்ஞை, இரண்டும் கவனமாகச் செய்த சோதனைகள். ஒன்றில் ஒரே இரவு, இன்னொன்றில் நாலு வாரம் என்பதால் இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதைவிட எளிய விளக்கம் போதும். ஒரே சோதனையில் ஏழெட்டு ஹார்மோன்களைப் பல நேரங்களில் அளந்தால், ஏதோ ஒன்று ஏதோ ஒரு நாளில் கோட்டைத் தாண்டத்தான் செய்யும். திசையும் ஹார்மோனும் ஆய்வுக்கு ஆய்வு மாறுவது அதைத்தான் காட்டுகிறது.

ஆய்வுக்கூடத்தை விட்டு ஊருக்குள் போனால் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஜெர்மனியின் பவேரியா காட்டுப் பகுதியில் ரிம்பாக் என்று ஒரு கிராமம். 2004 தொடக்கத்தில் அங்கே செல்போன் அலைபரப்பி வந்தது. பூக்னர், ஏகர் என்ற இரு மருத்துவர்கள் அது இயங்கும் முன்பே 60 பேரின் சிறுநீரைச் சேகரித்து, அடுத்த ஒன்றரை ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் கூடின, டோபமின் குறைந்தது. அலை அதிகம் பட்ட வீடுகளில் மாற்றமும் அதிகம் என்றார்கள். 2011இல் வெளியான இந்தக் கட்டுரையைக் கோபுர எதிர்ப்பாளர்கள் இன்றும் முதல் சான்றாக எடுத்து வைக்கிறார்கள்.

மருத்துவர்கள் முன்கூட்டியே அளவெடுத்ததைப் பாராட்ட வேண்டும். பலரும் அதைச் செய்வதில்லை. ஆனால் கோபுரம் வராத பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதே ஒன்றரை ஆண்டு அளந்திருந்தால்தான் அது சோதனை. கோபுரம் வருவது ஊருக்கே தெரியும். அலை அதிகம் படும் வீடு எது? அநேகமாகச் சன்னலைத் திறந்தால் கோபுரம் நேரே தெரியும் வீடு. அங்கே அலையும் அதிகம், தினமும் அதைப் பார்ப்பதும் அதிகம். சிறுநீரிலுள்ள அட்ரினலின் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

இது வெறும் ஊகம் அல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரூபின் குழு 2006இல், செல்போன் அலை தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும் 60 பேரையும், அப்படிச் சொல்லாத 60 பேரையும் சோதித்தது. அலை இருக்கிறதா இல்லையா என்பது சோதனை செய்பவருக்கும் தெரியாது, உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. உண்மையான அலையில் தலைவலி கூடியது. போலி அலையிலும் அதேபோல் கூடியது. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்டிட்டி குழு அடுத்த ஆண்டு செய்த சோதனையிலும், ‘இப்போது அலை வருகிறது’ என்று சொன்னபோது அவதிப்பட்டவர்கள், சொல்லாதபோது எது அலை எது வெறுமை என்று உடம்பால் அறியவில்லை. அவர்கள் நடிக்கவில்லை. தலை உண்மையாகவே வலித்தது, இதயம் உண்மையாகவே படபடத்தது. அவதி உண்மை, காரணம்தான் வேறு.

2013இல் விட்ஹோஃப்டும் ரூபினும் இன்னொரு படி போனார்கள். 147 பேரில் ஒரு பகுதியினருக்கு வைஃபை ஆபத்து என்று எச்சரிக்கும் பிபிசி நிகழ்ச்சியையும், மற்றவர்களுக்கு அலைக்குச் சம்பந்தமில்லாத நிகழ்ச்சியையும் காட்டினார்கள். பிறகு எல்லோரையும் ‘வைஃபை சமிக்ஞை’யில் கால்மணி நேரம் வைத்தார்கள். சமிக்ஞை எதுவும் இல்லை. பாதிக்கும் மேற்பட்டோர் ஏதாவதொரு தொந்தரவைச் சொன்னார்கள். எச்சரிக்கைப் படம் பார்த்தவர்களில், இயல்பிலேயே பதற்றம் கூடியவர்களுக்கு அது அதிகம். 2018இல் செல்போன் அலையை வில்லனாக்கிய ‘2.0’ படம் முடிந்து செல்போனை அணைத்தபடியே திரையரங்கை விட்டு வெளியே வந்தவர்களிடம் யாராவது உமிழ்நீர் வாங்கி வைத்திருக்கலாம்.

மாஸ்கோவில் இதே கதையை வேறு ஒரு பெரிய கணக்கில் பார்க்கலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஏப்ரகாம் லிலியன்ஃபெல்ட் 1978இல் கொடுத்த அறிக்கை, 1953 முதல் 1976 வரை மாஸ்கோவில் பணியாற்றிய ஏறத்தாழ 1,800 பேரையும், கிழக்கு ஐரோப்பாவின் பிற அமெரிக்கத் தூதரகங்களில் இருந்த 2,500 பேருக்கு மேற்பட்டவர்களையும் ஒப்பிட்டது. இறப்பில் வேறுபாடு இல்லை. மாஸ்கோ ஆண்களில் மனச்சோர்வு, எரிச்சல், கவனம் சிதறல், மறதி ஆகியன அதிகம் என்று வந்தது. கோர்தன் தொழிற்சாலைகளில் எழுதிவைத்த பட்டியலோடு ஒப்பிட்டால் புல்லரிக்கும். ஆனால் வேறுபாடு மிகக் கூடுதலாகத் தெரிந்த பிரிவு, மிகக் குறைந்த அலை பட்ட பிரிவு. பொய் சொல்லி ரத்தம் எடுத்துவிட்டு, பத்து வருடம் கழித்து ஒருநாள் உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு நிரப்பப்படும் கேள்வித்தாள் எதை அளக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? வைரஸ் ஆய்வு என்ற அந்தப் பொய், நுண்ணலையைவிட அதிகம் பேருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்று நான் சந்தேகிக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நூல் அறுந்துபோகாமல் தொங்குகிறது. அதை மறைத்துவிட்டுக் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

அமெரிக்க விமானப்படை பணம் கொடுக்க, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கையும் சூவும் 1980களில் ஒரு நீண்ட சோதனை நடத்தினார்கள். 100 எலிகளுக்கு 2450 மெகாஹெர்ட்ஸ் துடிப்பலை, இன்னொரு 100க்கு வெறும் கூண்டு. நாளைக்கு இருபத்தொன்றரை மணி நேரம், 25 மாதம், அதாவது ஏறத்தாழ ஓர் எலியின் ஆயுள் முழுக்க. உடம்பு சூடேறாத அளவு: கிலோவுக்கு 0.15 முதல் 0.4 வாட். 155 விஷயங்களை அளந்தார்கள். இடையில் கார்டிகோஸ்டிரோனில் ஒரு வேறுபாடு தெரிந்தது. அதை மட்டும் சரிபார்க்க இருபது இருபது எலிகளோடு மறுபடி செய்தபோது அது வரவில்லை. ஹார்மோன் கேள்வி அங்கே முடிந்தது. ஆனால் 1992இல் வெளியான முடிவுகளில் வேறு இரண்டு எண்கள் இருந்தன. முதன்மைப் புற்றுகள் அலைக் குழுவில் 18, மற்றதில் 5. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில், அட்ரினலின் சுரக்கும் அதே திசுவில், ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி அலைக் குழுவில் 7, மற்றதில் 1. புற்றுகள் ஒரே உறுப்பில் குவியாமல் சிதறிக் கிடந்ததால் ஆசிரியர்கள் அதை அலையின் மேல் ஏற்றத் தயங்கினார்கள்.

2018இல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் பெரிய சோதனை வந்தது. நாளைக்கு ஒன்பது மணி நேரம், பத்து நிமிடம் அலை, பத்து நிமிடம் ஓய்வு. முழு உடம்புக்கும் கிலோவுக்கு 1.5, 3, 6 வாட். கடைசி அளவு பொதுமக்கள் வரம்பைப்போல் 75 மடங்கு. ஆண் எலிகளின் இதய நரம்புறைக் கட்டிகளுக்குத் ‘தெளிவான சான்று’ என்று தீர்ப்பு எழுதியதைத்தான் செய்தித்தாள்கள் எடுத்துப் போட்டன. அதற்குக் கீழே ‘ஓரளவு சான்று’ என்ற பட்டியலில், மூளைக் கட்டியோடு, அட்ரினல் சுரப்பியின் ஃபியோகுரோமோசைட்டோமாவும் இருந்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே கால் நூற்றாண்டு. வேறு அதிர்வெண், வேறு கூடம், பல மடங்கு வேறுபட்ட அளவு. கட்டி முளைத்த இடம் மட்டும் ஒன்று.

இது ஆண் எலிகளுக்கு வயதானால் தானாகவே அடிக்கடி வரும் கட்டி. அலை பட்ட ஆண் எலிகள் இந்தச் சோதனையில், யாரும் எதிர்பாராத வகையில், அலை படாதவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. அதிக நாள் வாழ்ந்ததால் அதிகக் கட்டியா, அல்லது ஆண்டுக்கணக்கில் உடம்பு ஒரு சிறிய சூட்டைச் சமாளித்த களைப்பா, அல்லது வேறு ஏதாவதா? அதற்குப் பதில் தெரிய, அந்த எலிகளின் கார்டிகோஸ்டிரோனை மாதாமாதம், பழகிய கைகளால், ஒரே நேரத்தில், குழாயில் அடைக்காமல் எடுத்து வைத்திருக்க வேண்டும்.